குடிபோன கதிரை

கிளிநொச்சியில் கண் வைத்தியரைப் பார்க்கப் போனால், அவர் நம்மைப் பார்க்கிற நேரத்தைவிட நாம் காத்திருக்கிற நேரம்தான் அதிகம் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். போன கிழமை நானும் இலக்கத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். தனக்குத்தான் முந்திய இலக்கம் என்று சொல்லிக்கொண்டு ஒரு பெண்மணி உள்ளே போனார். அவர் உண்மையிலேயே எனக்கு முன்னால் வந்தவர்தானா என்று அரை மணித்தியாலம் யோசித்துக்கொண்டிருந்தேன். நான் அப்படிப்பட்ட ஆள். பஸ்ஸில் நடத்துநர் மிச்சக் காசைக் குறைத்துத் தந்தால் சண்டை பிடிப்பேன். சரியாகத் தந்தால், இவர் ஏன் இன்றைக்கு இவ்வளவு சரியாகத் தருகிறார் என்று யோசிப்பேன்.

அந்த யோசனை ஓய்ந்த பிறகுதான் முதுகைக் கவனித்தேன். இரண்டு மணித்தியாலம் இருந்தும் முதுகு வலிக்கவில்லை. எழும்பித் திரும்பிப் பார்த்தால், வேப்பமரக் கதிரை. முதுகுப் பக்கம் மூன்று குறுக்குச் சட்டங்கள். மேலிருக்கிற இரண்டும் அளவோடு நிற்க, மூன்றாவது மட்டும் ஒரு விரற்கடை கீழே இறங்கி நின்றது. பார்த்தவுடன் கதிரையைத் தூக்கிக் கவிழ்த்துவிட்டேன். இலக்கம் கொடுக்கிற பிள்ளை ஓடி வந்தாள்.

“என்ன அக்கா, ஏதும் விழுந்திட்டுதோ?”

“இல்லைப் பிள்ளை. இந்தக் கதிரை எங்க வாங்கினது?”

“தெரியாது அக்கா. உப்பிடித்தானே எல்லா இடமும் இருக்கு.”

அவள் சொன்னது சரி. வங்கியில் இருக்கிறது, ரியூசன் கொட்டிலில் இருக்கிறது, முறிகண்டிப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையிலும் கண்டிருக்கிறேன். அந்தச் சட்டம் ஏன் கீழே இறங்கியது என்பது யாருக்கும் தெரியாது, யாரும் கேட்பதுமில்லை. எனக்குத் தெரியும். தெரிந்துகொண்ட விதம்தான் நன்றாக இல்லை.

வேம்பை வாளால் அரிகிற மணம் உங்களுக்குப் பழக்கமா? மணம் என்றுகூடச் சொல்ல முடியாது, அது ஒரு கசப்பு. தூள் மூக்கால் ஏறி நாக்கில் இறங்கிவிடும். புதுக்குடியிருப்பில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் முழுக்க, தேத்தண்ணீர் போடுகிற அம்மா எனக்கு மட்டும் சீனியைக் குறைக்கிறா என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவ பார்க்காத நேரம் மற்றவர்களின் கோப்பையிலும் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். எல்லாம் கசப்புத்தான்.

மீள்குடியேற்றம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. சனங்களிடம் வீடு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது; வீட்டுக்குள் வைக்க ஒன்றுமில்லை. அந்த நேரத்தில் தொடங்கிய சின்னத் தளபாட நிறுவனம் அது. பட்டறைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஓர் அறை. கதவில் ‘வடிவமைப்புப் பிரிவு’ என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். எழுத்தைப் பார்த்துவிட்டு உள்ளே எட்டிப் பார்க்கிறவர்கள் நாங்கள் நாலு பேர் இருப்பதைக் கண்டு சிரிப்பார்கள்.

தலைவர் குகன் அண்ணை. கொழும்பில் படித்தவர், மிக நல்ல மனுசன். யாருக்காவது பிடிக்காத செய்தி சொல்ல வேண்டி வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுவார். எதிரில் இருப்பவரின் முகம் அவருக்குத் தெரியக் கூடாது. மாதிரிக் கதிரையைச் செய்கிறவர் சூசை அண்ணை. முல்லைத்தீவுக் கரையில் வள்ளம் கட்டிக்கொண்டிருந்தவர். வளைவு என்றால் அவர்தான். நேர்கோடு என்றால் அவருக்குச் சலிப்பு. நான் படம் கீறுவேன். நாலாவது ஆள் றிஸானா. இருக்கைப் பகுதிக்குக் கயிறு பின்னுவதும், மனித உடம்பின் அளவுகளைக் கணக்குப் பார்ப்பதும் அவள் வேலை.

றிஸானா தண்ணீரூற்று. நான் முள்ளியவளை. இரண்டும் ஒட்டின ஊர்கள், ஒரே பஸ். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது, ஊரில் இருந்த எல்லா முஸ்லிம் குடும்பங்களோடும் சேர்த்து அவர்களையும் துவக்கோடு வந்த இயக்கக்காரர் போகச் சொல்லிவிட்டார்கள். புத்தளத்தில் வளர்ந்து, இருபது வருடத்துக்கும் மேலான பிறகு வாப்பாவோடும் உம்மாவோடும் திரும்பி வந்திருந்தாள். அண்ணன்மார் வரவில்லை. அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டார்களாம். வாப்பாவுக்கு நெஞ்சு வருத்தம், வேலை செய்ய ஏலாது. றிஸானாவின் சம்பளத்தில்தான் அந்த மூன்று பேரும் ஊரில் ஊன்றி நின்றார்கள். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று பிறகு சொல்ல முடியாதபடிக்குத் தெரியும்.

நாங்கள் கதிரையைக் கடதாசியில் சின்னதாகக் கீறுவதில்லை. நிலத்தில் பிளைவூட் பலகையை விரித்து, பக்கவாட்டுத் தோற்றத்தை முழு அளவில் கீறுவோம். பிறகு அந்தப் படத்தில் ஓர் ஆள் ஒருக்களித்துப் படுத்து, முழங்காலை மடித்து, கதிரையில் இருக்கிற மாதிரிக் கிடக்க வேண்டும். முதுகு கோட்டில் பொருந்துகிறதா என்று அப்போது தெரியும். ஆண்களை வெளியே அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தி, றிஸானா படுப்பாள். நான் குனிந்து அவளது முதுகைப் பென்சிலால் சுற்றிக் கோடு இழுப்பேன். கூசுகிறது என்று அவள் சிரித்தால் கோடு வளையும்.

“சிரியாதயும் றிஸானா. நீர் சிரிச்சா கிளிநொச்சிச் சனம் எல்லாம் கூனியெல்லோ இருக்கப் போகுது.”

“அப்ப கெதியாக் கீறும். எறும்பு ஏறுது.”

எங்களின் இன்னொரு வழக்கம்தான் எல்லாவற்றுக்கும் காரணம். புதிதாகச் செய்த கதிரையை ஒரு மாதத்துக்கு ஏதாவது ஒரு வீட்டில் கொடுத்துவிடுவோம். இருந்து பார்க்கட்டும், பிள்ளைகள் ஏறிக் குதிக்கட்டும், மழையில் நனையட்டும். மாதம் முடிய எடுத்து வந்து எங்கே ஆடுகிறது, எங்கே வெடித்திருக்கிறது என்று பார்ப்போம். சூசை அண்ணை இதைக் ‘குடிபோறது’ என்பார். கதிரை குடிபோன மாதத்தில் நாங்கள் யாரும் அந்த வீட்டுப் பக்கம் போகக் கூடாது என்பது குகன் அண்ணையின் கட்டளை. நாங்கள் போனால் சனம் மரியாதைக்கு எழும்பி நிற்குமாம், கதிரையில் இருக்காதாம்.

ஆறாம் கதிரை இப்படிக் குடிபோய்த் திரும்பி வந்தபோது ஒரு கீறல்கூட இல்லை. நாங்கள் நாலு பேரும் கையைக் குலுக்கிக்கொண்டோம். பிறகு பார்த்தால், அந்த வீட்டார் அதைப் பொலித்தீனால் சுற்றி அறை மூலையில் வைத்திருந்திருக்கிறார்கள். ஏன் என்று கேட்டேன்.

“சும்மா ஆர் பிள்ளை கதிரை தருவினம்? அதில இருந்தா பிறகு பேர் பதிய வருவியளோ எண்டு பயமாக் கிடந்தது.”

எனக்கு அவர்கள் மேல் கோபம் வரவில்லை. அவர்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் கதிரையை வாசலுக்கு வெளியேதான் வைத்திருப்பேன். எத்தனை பதிவுகள், எத்தனை கையெழுத்துகள் பார்த்த சனம். ஆனால் அடுத்த தடவை இப்படி நடக்கக் கூடாது என்று, வீடு வீடாகப் போய்க் கதைக்கிற பொறுப்பில் இருந்த நான் முடிவு செய்தேன். சூசை அண்ணை சாக்குச் சுற்றித் தந்த ஏழாம் கதிரையை ஓட்டோவில் ஏற்றி உடையார்கட்டுக்குக் கொண்டுபோய், செல்வராணி அக்கா என்பவரின் வீட்டில் சாக்கோடேயே இறக்கிவிட்டு, அவவின் கையைப் பிடித்துச் சொன்னேன்: “பூட்டி வையாதேங்கோ அக்கா. ஆர் வந்தாலும் இருத்துங்கோ. ஆர் கேட்டாலும் குடுங்கோ.” சொல்லிவிட்டு, கெட்டிக்காரத்தனமாக ஒரு வேலை செய்தேன் என்ற திருப்தியோடு வந்தேன்.

ஏழாம் கதிரை சாதாரணமானதில்லை. கொழும்பிலிருந்து ஒரு விடுதிக்காரர் படத்தைப் பார்த்துவிட்டுத் தனக்கு வேண்டும் என்று சொல்லியிருந்தார். வேறு எங்கும் கிடைக்காத கதிரையாக இருக்க வேண்டும் என்பதுதான் அவர் கேட்ட ஒரே விசயம். அது சரிவந்தால், மூடுகிற நிலையில் இருந்த எங்கள் அறை தப்பும் என்று குகன் அண்ணை கண்ணாடியைக் கழற்றாமலே சொன்னார். ஏழாம் கதிரையின் பாகங்களை வெட்ட அளவாக வைக்கிற அச்சுப் பலகைகளை அலுமாரியில் வைத்துப் பூட்டினோம். அதுவரை எதையும் பூட்டியதில்லை.

இரண்டரைக் கிழமை போயிருக்கும். மச்சாளின் கலியாணத்துக்கு உடுப்பு எடுக்கக் கிளிநொச்சிக்குப் போனேன். சந்தைக்குக் கிட்ட ஒரு தளபாடக் கடை வாசலில் வெயிலுக்குள் நின்றது எங்கள் கதிரை. முதலில் நம்பவில்லை. கிட்டப் போய் இருந்து பார்த்தேன். நான் பென்சிலால் இழுத்த அதே முதுகு.

“இது ஆர் அண்ணை செய்தது?” என்று கடைக்காரரைக் கேட்டேன்.

“எங்களுக்குச் செய்து தாற ஆக்கள் இருக்கினம். என்ன, எடுக்கப் போறியளோ?”

அவர் என் முகத்தைப் பார்க்காமல் பதில் சொன்னது எனக்குப் போதுமாக இருந்தது. இப்போது நினைத்தால், அந்த மனுசன் சாப்பிடப் போகிற அவசரத்தில் இருந்திருப்பார். கதிரையைச் சுற்றி வந்து பார்த்தபோது, மூன்றாவது சட்டம் ஒரு விரற்கடை கீழே நின்றது. என் படத்தில் மூன்றும் ஒரே இடைவெளி. ஓகோ, எடுத்த இடம் தெரியக் கூடாது என்று ஒரு சட்டத்தை மாற்றி அடித்திருக்கிறார்கள் என்று உடனே கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடித்த வேகத்தை நினைத்துப் பஸ்ஸில் வரும்போது எனக்கே பெருமையாக இருந்தது.

பஸ் பரந்தனைத் தாண்டும் முன்னரே என் மனதில் ஒரு பெயர் வந்துவிட்டது. அலுமாரிப் பூட்டுக்குத் திறப்பு இரண்டு. ஒன்று குகன் அண்ணையிடம், மற்றது றிஸானாவிடம். அவள் கொஞ்ச நாளாகத் தொலைபேசி வந்தால் வெளியே வேம்படிக்குப் போய்க் கதைக்கிறாள். இரண்டு தடவை லீவு எடுத்துக்கொண்டு வவுனியாவுக்குப் போனாள்; ஏன் என்று கேட்டால் சும்மா என்றாள். அதையெல்லாம்விட, முந்தின கிழமை நான் அறைக்குள் திடீரென்று நுழைந்தபோது, ஒரு கடதாசியை அவசரமாக மடித்துப் பைக்குள் வைத்தாள். அதில் கோடுகளும் அளவுகளும் இருந்ததை நான் கண்டேன். ஒவ்வொன்றையும் எடுத்து அடுக்கினேன். எல்லாம் அச்சுப் பலகை மாதிரிப் பொருந்தியது.

சூசை அண்ணையின் பெயர் ஏன் வரவில்லை? பலகைகளை நாள் முழுக்கக் கையில் வைத்திருந்தவர் அவர்தான். எந்தக் கடைக்காரரையும் அவருக்குத் தெரியும். அவர் பெயர் என் மனதில் ஒரு கணம்கூட வரவில்லை. றிஸானாவோடு ஒரே பஸ்ஸில் வந்து, ஒரே பெட்டியில் சாப்பிட்டு, அவளது முதுகைக் கோடு கீறியவள் நான். அப்படியிருந்தும் அவள் பெயர்தான் முதலில் வந்தது. அவள் முஸ்லிம் என்பதாலா என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். இன்றைக்குக் கேட்டால் ஓம் என்றுதான் சொல்வேன். வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் உங்களுக்குச் சொல்லத்தான் வேண்டும்.

மறுநாள் கிளிநொச்சிக் கதையைக் குகன் அண்ணையிடம் சொன்னேன். அவர் ஆடிப்போனார். நான் அவரிடம் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை, கதைத்தது இவ்வளவுதான்.

“அண்ணை, அலுமாரித் திறப்பு ரெண்டுதானே?”

“ஓம். ஒண்டு என்னட்ட, மற்றது றிஸானாட்ட.”

“அதான் கேட்டனான்.”

அன்று மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“றிஸானா, அந்தத் திறப்பைக் கொஞ்ச நாளைக்கு என்னட்டத் தாரும்.”

“ஏன் அண்ணை?”

“சும்மா. ஒரு பாதுகாப்புக்கு.”

அவள் திறப்பை வளையத்திலிருந்து கழற்றி வைத்தாள். பிறகு அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். பையைத் திறந்து அந்த மடித்த கடதாசியை எடுத்து என் முன்னால் விரித்தாள்.

“நீர் அண்டைக்கு எட்டிப் பாத்தது இதைத்தானே? வடிவாப் பாரும்.”

காணிப் படம். எல்லைக் கோடுகள், ஒவ்வொரு பக்கத்துக்கும் அளவு, கிணற்றுக்கு ஒரு சின்ன வட்டம். வாப்பாவின் காணி. பழைய பிரதி ஒன்று வவுனியாவில் ஒருவரிடம் இருக்கிறது என்று அறிந்து தேடிப் போயிருக்கிறாள்.

“அதில இப்ப வேற ஆக்கள் இருக்கினம். உங்கட ஊர் ஆக்கள்தான். உமக்குச் சொன்னா கதை அங்க போயிடுமோ எண்டு பயத்தில ஒளிச்சனான். நானும் உம்மை நம்பேல்லைத்தான். ஆனா நான் ஒருத்தரிட்டயும் போய்ச் சொல்லேல்லை.”

சூசை அண்ணை உளியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த உளியையே திரும்பத் திரும்பத் துடைத்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? காணிப் படத்தைப் பார்த்த பிறகும், சரி, இது காணிப் படம்தான், அப்படியென்றால் கதிரை எப்படிக் கிளிநொச்சிக்குப் போனது என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். சந்தேகம் அப்படித்தான், ஒரு வாசலை அடைத்தால் மற்ற வாசலால் வரும். றிஸானா அந்தக் கிழமை முடியும்வரை வந்தாள். கையில் எடுத்த பின்னலை முடித்துக் கொடுத்தாள். பஸ்ஸில் முன் சீட்டில் தனியாக இருந்தாள். திங்கட்கிழமை வரவில்லை.

மாதம் முடிந்து கதிரையை எடுக்க உடையார்கட்டுக்குப் போனேன். செல்வராணி அக்கா என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து வந்தா.

“கதிரை இஞ்ச இல்லைப் பிள்ளை. செத்த வீட்டுக்குக் குடுத்தனான். அங்க இருந்து, மகள் பெரியபிள்ளையாகின சாமத்திய வீட்டுக்காரர் கேட்டு எடுத்துக்கொண்டு போட்டினம். பிறகு ஓடாவியார் வீட்டுக்கு ஆரோ வெளிநாட்டால வருகினம் எண்டு அவையும் வாங்கினவை. நீங்கதானே ஆர் கேட்டாலும் குடுக்கச் சொன்னனீங்கள்?”

வன்னியில் அந்த வருடங்களில் ஒரு நல்ல கதிரை ஒரு வீட்டில் நிற்காது என்பது எனக்குத் தெரியாதா? எங்கள் வீட்டுச் செத்த வீட்டுக்கே பதினொரு வீட்டுக் கதிரைகள் வந்தன. மரவேலை செய்கிற அந்த ஓடாவியாரின் வீடு இரண்டு ஒழுங்கை தள்ளி. கதிரை அவருடைய முற்றத்தில், அதே மாதிரி நாலு அரைகுறைக் கதிரைகளுக்கு நடுவில் நின்றது. அவர் ஒளிக்கவில்லை. மறைக்க ஏதாவது இருக்கிறது என்ற நினைப்பே அவருக்கு இல்லை.

“நல்ல இருப்பான கதிரை பிள்ளை. அளந்து செய்து கிளிநொச்சிக்கு அனுப்பினனான், உடன வித்திட்டுது. ஏன், பிழையோ?”

நான் கதிரையின் முதுகைப் பார்த்தேன். மூன்றாவது சட்டம். அவர் கண்டுகொண்டார்.

“உது ஏன் கீழ நிக்குதெண்டு எனக்கும் விளங்கேல்லைத்தான். படிச்ச ஆக்கள் காரணம் இல்லாமல் வையாயினம் எண்டு அப்பிடியே செய்திட்டன்.”

பட்டறைக்கு வந்து சூசை அண்ணையைக் கேட்டேன். சட்டம் அடிக்கிற இடத்தில், முதுகுவரை ஏறுகிற பின்கால் மரத்தில் ஒரு கணு இருந்ததாம். உளி ஏறவில்லை. ஒரு விரற்கடைதானே என்று இறக்கி அடித்துவிட்டு, என் வாய்க்குப் பயந்து சொல்லாமல் சாக்கைச் சுற்றிவிட்டார். படத்திலிருந்து திருடியிருந்தால் சட்டம் அளவோடு நின்றிருக்கும். அச்சுப் பலகையை எடுத்திருந்தாலும் அளவோடுதான் நின்றிருக்கும். றிஸானா எதையும் எடுக்கவில்லை என்பதைக் கடை வாசலில் நின்ற கதிரையே எனக்குச் சொல்லியிருக்கிறது. அதைத்தான் நான் திருட்டுக்கு அத்தாட்சியாக வாசித்துவிட்டு வந்தேன்.

அன்று பின்னேரமே தண்ணீரூற்றுக்குப் போனேன். உம்மா பிளேன்ரீ தந்தா. வாப்பா உள்ளே இருமிக்கொண்டிருந்தார். றிஸானா எதிரில் இருந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். திறப்பைப் பற்றிக் கேட்டது நான்தான் என்பதையும் சொன்னேன். அது அவளுக்கு முதலே தெரிந்திருந்தது. குகன் அண்ணை திரும்ப வரச் சொன்னதாகவும் சொன்னேன். அவள் கோபப்பட்டு ஏசியிருந்தால் எனக்குப் பெரிய உதவியாக இருந்திருக்கும்.

“நீங்கள் வந்து சொன்னது பெரிய விசயம்,” என்றாள். அதுவரை என்னோடு நீர் என்று நெருக்கமாகக் கதைத்த பிள்ளை. “ஆனா நான் வரேல்லை. வந்தா ஒவ்வொரு நாளும் பின்னேரம் என்ர பையை நானே திறந்து காட்டிப்போட்டுப் போகோணும் போல கிடக்கும். நீங்கள் கேக்கமாட்டியள். ஆனா எனக்கு அப்பிடிக் கிடக்கும்.”

விடுதிக்காரர் வரவில்லை. கிளிநொச்சியில் தெருவோரம் விற்கிற கதிரை அவருக்கு எதற்கு? அறை இன்னும் ஒரு வருடம் இழுத்தது. பிறகு குகன் அண்ணை கனடாவுக்குப் போனார், சூசை அண்ணை கரைக்கே திரும்பிப் போனார். கதவில் இருந்த எழுத்தின் மேல் இப்போது உரக் கடையின் விளம்பரம் ஒட்டியிருக்கிறது.

தண்ணீரூற்றில் அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் வேறொரு குடும்பம் இருக்கிறது. சம்பளம் நின்ற பிறகு நாலு மாதம் தாக்குப்பிடித்தார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். வாப்பாவுக்கு மருந்து, காணிக்கு அலைச்சல், இரண்டையும் எதை வைத்துப் பார்ப்பது? ஒரு நாள் காலையில் அண்ணன்மார் சின்ன லொறியோடு வந்து மூன்று பேரையும் புத்தளத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். காணியைக் கேட்டு அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. அதில் இருப்பவர்கள் கிணற்றை மூடி அதன் மேல் கொட்டில் போட்டிருக்கிறார்கள், பஸ்ஸிலிருந்து பார்த்தால் தெரியும். அந்தக் குடும்பம் இந்த ஊரை விட்டு இரண்டு தடவை போயிருக்கிறது. முதல் தடவை போகச் சொன்னது யார் என்று ஊர் முழுக்கத் தெரியும். இரண்டாம் தடவை யார் என்று கேட்டால், வாப்பாவுக்குச் சுகமில்லை, பிள்ளைகளோடு போய்விட்டார்கள் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.